உலைநாத சுவாமிகளும் ஒன்றாம் நம்பர் உலையும்

திருத்தணியில் கூட்டம் என்றால் அது மலைக்குத்தான் போகும். காவடி போகும், மொட்டை போகும், பால்குடம் போகும். அந்த ஆடி மாதம் மட்டும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாதி மலையேறியது. மீதி சித்தூர் ரோட்டில் இறங்கி, தேசப்பனின் இரும்பு வார்ப்படப் பட்டறை எங்கே என்று விசாரித்தது. மலைமேல் இருப்பவர் தலைமுடியோடு திருப்தி அடைந்துவிடுவார். பட்டறையில் இருந்தவருக்குத் தலையே வேண்டியிருந்தது.

அவர் பெயர் உலைநாத சுவாமிகள். கழுத்தில் ருத்திராட்சத்துக்குப் பதில் முறுக்கிய செம்புக் கம்பி. நெற்றியில் விபூதி, அதன் நடுவில் மின்னல் வடிவத்தில் குங்குமம். பேய் ஓட்டுகிற சாமியார் உண்டு, பிள்ளை வரம் கொடுக்கிற சாமியார் உண்டு. கரண்ட் பில்லைக் குறைக்கிற சாமியார் இந்தக் கலியுகத்துக்கென்றே இறங்கியவர்.

பொதட்டூர்பேட்டை தறிக்காரர்கள் மீட்டர் பெட்டியை செல்போனில் படமெடுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தார்கள். அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் மோட்டாரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தது. ஒருவர் வீட்டுக் கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கிரைண்டருக்கும் விபூதி பூசப்பட்டது. அது மறுநாள் கம்மியாகக் கரண்ட் இழுத்ததா என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பது பக்தி ஆகாதே.

பட்டறை வாசலில் பெரிய பிளெக்ஸ். அதில் சாமியின் இரண்டு உள்ளங்கையிலிருந்தும் மின்னல் பாய்ந்தது. கீழே, சின்ன வட்டத்துக்குள், கைகூப்பிய தேசப்பன். அந்தப் போட்டோவை அவர் தாமே தேர்ந்தெடுத்தார். ஊரிலேயே முதல் பக்தர் என்ற பெருமை அவருக்கு இருந்தது. பிளெக்ஸைத் தாண்டி உள்ளே போகும்போதெல்லாம் நிமிர்ந்து ஒருமுறை தம்மைப் பார்த்துக்கொள்வார்.

தேசப்பன் கெட்டவர் இல்லை. விசைத்தறிக்கு வேண்டிய சக்கரமும் பல்லும் வார்த்துக் கொடுத்து, நேர்மையாகப் பிழைக்கிறவர். அவருடைய பட்டறையில் மின்சாரத்தால் இரும்பு உருக்கும் உலை இருந்தது. பட்டறைக்காரர்கள் வாயில் அது பர்னஸ். ஆளுயரக் குடம் ஒன்று, அதைப் பாம்பு போலச் சுற்றிய, காயில் என்கிற செம்புக் குழாய்ச் சுருள், குழாய் சூடேறாமல் இருக்க அதற்குள் ஓடும் தண்ணீர். சுருளில் கரண்ட் பாய்ந்தால் குடத்தில் போட்ட பழைய இரும்பு தானாகக் கொதித்துக் குழம்பாகும். மேடைமேல் இப்படி இரண்டு குடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கரண்ட் கொடுக்கிற பேனல் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு குடத்தைத்தான் கொதிக்க வைக்க முடியும்.

குறை ஒன்றுதான். அந்த உலை மற்றவர்கள் உலையைவிட அதிகமாகக் கரண்ட் குடித்தது. ஒரு டன் இரும்பு உருக எத்தனை யூனிட் என்பதுதான் அந்தத் தொழிலின் ஜாதகம். தேசப்பனின் ஜாதகம் சரியில்லை. ஜாதகம் சரியில்லை என்றதும் ஒரு தமிழன் என்ன செய்வான்? சாமியாரைத் தேடினார்.

சுவாமிகள் வந்தார். உலையை மூன்று தரம் வலம் வந்தார். "உஷ்ண தோஷம்" என்றார். ஒன்றாம் நம்பர் குடத்துக்கு அடியில் குழி தோண்டி, சிவப்புத் துணியில் சுற்றிய செப்புத் தகடு ஒன்றைப் புதைத்தார். அதுதான் அக்னி யந்திரம். புதைத்தால் மட்டும் போதாது, விரதமும் இருக்க வேண்டும் என்றார். விரதம் மனிதர்களுக்கு இல்லை, உலைக்கு.

அக்னி பகவான் கூச்ச சுபாவி, ஆகவே உருகும்போது அவர் முகத்தை மூடி போட்டு மறைக்க வேண்டும். துருவும் மண்ணும் ஈரமும் ஒட்டிய இரும்பு அவருக்கு எச்சில், ஆகவே தட்டிச் சுத்தம் செய்து போட வேண்டும். அவரை அரை வயிற்றில் விடுவது பாவம், ஆகவே குடம் நிறையப் போட வேண்டும். உருகிய பிறகு காக்க வைப்பது மகா பாவம், ஆகவே அச்சுகளைத் தயாராக வைத்துக்கொண்டு உடனே ஊற்றிவிட வேண்டும்.

தேசப்பன் பயபக்தியோடு கடைப்பிடித்தார். அந்த மாதமே யூனிட் இறங்கியது. நிஜமாகவே இறங்கியது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் மனைவி ரஞ்சிதத்துக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வேறு காரணத்துக்காக. கல்யாணத்துக்கு முன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். சரக்கு வாங்குவது, பில் கட்டுவது, ஆட்களுக்குக் கூலி கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"மூடி போடுங்க, துருவ தட்டிப் போடுங்கன்னு நான் எத்தினி வருசமா சொல்லிகினு இருக்கேன்?" என்று கேட்டாள்.

"நீ சொன்னது வேற, சாமி சொல்றது வேற."

"ஒரே வார்த்தைதானேங்க?"

"வார்த்தை ஒண்ணுதான். வாய் வேற" என்றார் தேசப்பன்.

இதற்குமேல் ஒரு மனைவி என்ன பேசுவது? கொதிக்கிற குழம்பை மூடி வைத்தால் விறகு மிச்சம் என்று அடுப்படியில் தெரிந்த சங்கதி, அதே வீட்டு ஆண்பிள்ளைக்குப் பட்டறையில் சமஸ்கிருதத்தில் சொன்னால்தான் புரிகிறது. ரஞ்சிதம் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். மூடி போட்டால் சூடு உள்ளேயே நிற்கும் என்பது சாமிக்குத் தெரியுமோ தெரியாதோ, தேசப்பனுக்குத் தெரியவில்லை.

விஷயம் அதோடு நின்றிருந்தால் ஒரு செப்புத் தகடோடு போயிருக்கும். ஆனால் உலைக்கு உட்சுவர் என்று ஒன்று உண்டு. லைனிங் என்பார்கள். வெள்ளைக் கல்பொடியைக் குடத்துக்குள் இடித்து இடித்துக் கட்டுகிற சுவர் அது. கொதிக்கிற இரும்புக்கும் தண்ணீர் ஓடுகிற செம்புச் சுருளுக்கும் நடுவே அது ஒன்றுதான் காவல். தினமும் இரும்பு அதை நக்கித் தேய்க்கும். தேய்ந்துபோனால் உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டாம் நம்பருக்கு ரஞ்சிதம் நச்சரித்துப் புதுச் சுவர் கட்ட வைத்திருந்தாள். ஒன்றாம் நம்பருக்கும் கட்ட வேண்டிய வேளை வந்தபோது சுவாமிகள் கையை உயர்த்தினார். சுவரை உடைத்தால் யந்திரத்தின் கவசம் உடையும் என்றார். போகப் போகப் பார், யூனிட் இன்னும் இறங்கும் என்றார்.

இறங்கியது. வாரத்துக்கு வாரம் இறங்கியது. இரண்டாம் நம்பருக்கும் ஒரு யந்திரம் வேண்டுமென்று தேசப்பன் கெஞ்சினார். கிருத்திகை கழியட்டும் என்றார் சாமி. கிராக்கி அப்படி.

ஒருநாள் பேனலில் அலாரம் கத்த ஆரம்பித்தது. உலைமேடையில் நின்று உருக்குகிற கதிரவன் ஓடி வந்தான். லைனிங்குக்கு ஆபத்து வந்தால்தான் அந்த அலாரம் கத்தும் என்று பர்னஸ் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றான். தேசப்பன் சாமியைக் கேட்டார். தோஷம் வெளியேறும்போது கத்தத்தான் செய்யும், வயரைக் கழற்றிவிடு என்றார் சாமி. தேசப்பன் கழற்றச் சொன்னார். கதிரவன் கழற்றினான். அன்றிலிருந்து அவன் மேடைமேல் நிற்கும்போதெல்லாம் படிக்கட்டுப் பக்கமாகவே நின்றான். தேசப்பன் அதைக் கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே.

ரஞ்சிதம் வேறொன்றைக் கவனித்தாள்.

"முன்னல்லாம் உங்க சாமி மேடை மேல ஏறி, உலைக்கே விபூதி பூசுவாரு. இப்போ ஏன் கீழயே நின்னு தூவுறாரு?"

"முட்டி வலி."

"நேத்து மலை ஏறினாரே, அப்போ வலிக்கலையா?"

தேசப்பன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி கையோடு கழுவிக்கொண்டு போகவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் மகா அக்னி வேள்வி என்று ஏற்பாடாயிற்று. பந்தல், நாதஸ்வரம், தக்காளி சாதம். தேசப்பனின் அக்காள் கணவர் பக்தவச்சலம் வந்திருந்தார். அவர் வட்டாரப் பட்டறை உரிமையாளர்களின் சங்கத் தலைவர். அன்றைய உருக்கை நேரில் பார்த்துவிட்டு, சங்கத்தில் உள்ள அத்தனை பட்டறைக்கும் யந்திரம் எடுப்பதாக இருந்தார். எல்லாப் பட்டறையிலும் யந்திரம், எல்லாப் பட்டறையிலும் தேயத் தேய உடைக்காத சுவர். அதை அன்று யாரும் யோசிக்கவில்லை, ரஞ்சிதத்தைத் தவிர.

காலையிலேயே அவள் வந்து, இன்றைய உருக்கை நானும் கதிரவனும் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் விருந்தாளிகளைக் கவனியுங்கள் என்றாள். தேசப்பனுக்கு மனம் நிறைந்துபோயிற்று. மனைவியும் வழிக்கு வந்துவிட்டாள். இதைவிடப் பெரிய அற்புதம் வேறென்ன?

மேடைமேல் ஒன்றாம் நம்பர் குடம் மல்லிகைச் சரத்தில் மூழ்கியிருந்தது. பக்கத்தில் இரண்டாம் நம்பர், அலங்காரம் இல்லாமல், ஏழை வீட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. இரண்டுக்கும் மூடி போட்டிருந்தது. சுவாமிகள் கீழே, பந்தலில், காவி மேல்துண்டில் சின்ன மைக்கைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதிரவன் சுவிட்சைப் போட்டான். ஸ்ஸ்ஸென்று இரைச்சல் எழும்பியது. சூடு பரவியது.

சாமி கண்ணை மூடினார். "கேட்கிறதா அந்த ரீங்காரம்? யந்திரம் பேசுகிறது. ஒன்றாம் உலையின் வயிற்றில் அக்னி தாண்டவம் ஆடுகிறான்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நேரம் போயிற்று. மேடையிலிருந்து ரஞ்சிதம் பணிவாகக் கேட்டாள்.

"சாமி, ஒண்ணாம் நம்பர்ல இரும்பு உருகிடுச்சுங்களா?"

"பாகாக உருகிவிட்டது தாயே. உன் கண்ணுக்குத்தான் மூடி. என் கண்ணுக்கு மூடி ஏது?"

பக்தவச்சலம் பேனலுக்குப் போய், தம் கண்ணாலேயே மீட்டரைப் பார்த்து, டன்னுக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போட்டு, மைக்கில் அறிவித்தார். சாமி வருவதற்கு முன் ஆனதைவிட வெகுவாகக் குறைவு. கைதட்டலில் பந்தல் ஆடியது. தேசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரஞ்சிதம் ஒன்றாம் நம்பர் அருகே போய், மல்லிகைச் சரத்தை விலக்கி, மூடியைத் தூக்கினாள். கண் கூசும் என்று தேசப்பன் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றும் கூசவில்லை. திரும்பிப் பார்த்தார். அவள் கையை முழங்கை வரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு உயிரே போய்விட்டது. 

அவள் கையை வெளியே எடுத்தாள். கையில் ஒரு டிபன் கேரியர். கதிரவனுடையது. மூடியைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டினாள்.

"தயிர் சாதம் சாமி. உருகல."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கிரைண்டர்காரர் சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. ரஞ்சிதம் இரண்டாம் நம்பரின் மூடியைத் தூக்கினாள். ஆரஞ்சு வெளிச்சம் தகரக் கூரையெல்லாம் பரவியது. இரும்பு அங்கேதான் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டும் அங்கேதான் போயிருந்தது. அதன் அடியில் யந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. மூடி போட்டோம், சுத்தமான இரும்பை நிறையப் போட்டோம், அவ்வளவுதான் என்றாள் அவள். நாலு நல்ல பழக்கத்துக்குச் செப்புத் தகட்டைக் கட்டி விற்றிருக்கிறார் இந்தச் சாமி என்றாள்.

சாமியார் என்றால் சும்மாவா? கணத்தில் சமாளித்தார். நம்பிக்கை இல்லாத பெண்ணின் கை பட்டதால் அக்னி பக்கத்து உலைக்கு இடம் மாறிவிட்டான் என்றார். தோஷம் என் மேல் இல்லை, இப்போதே ஒன்றாம் உலையில் இரும்பைப் போட்டு மூட்டுங்கள், இதைவிடக் குறைவான யூனிட் காட்டாவிட்டால் காவியைக் கழற்றிவிடுகிறேன் என்றார்.

கூட்டத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரஞ்சிதத்தின் மேல். அதுதான் கூட்டம்.

"மூட்டறோம் சாமி. கம்மியாத்தான் காட்டும், அதுவும் எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "அலாரம் வயரு நீங்க சொன்னபடியே கழட்டித்தான் இருக்குது. நீங்க மட்டும் மேல வந்து, உருகி முடியிற வரைக்கும் மூடி பக்கத்துல நில்லுங்க. கதிரவன் தெனம் நிக்கிற எடம்தான்."

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. ஏறுங்க சாமி என்று நாலு பக்கமும் குரல். தேசப்பனே கைகூப்பிக்கொண்டு முன்னால் போனார். என் மானத்தைக் காப்பாத்துங்க சாமி, ஏறுங்க என்று கெஞ்சினார். அப்போதும் அவர் நம்பிக்கொண்டுதான் இருந்தார். நம்பாமல் இருந்தால் தாம் யார் என்ற கேள்வி வருமே. பக்தவச்சலம் ஒரு தோளையும் கிரைண்டர்காரர் ஒரு தோளையும் பிடித்து, பல்லக்கில் வைக்காத குறையாகச் சாமியை மேடையில் ஏற்றிவிட்டார்கள். கதிரவன் பழைய இரும்பைக் குடத்தில் நிரப்பினான். பேனலுக்குப் போய்ச் சுவிட்சின் மேல் கையை வைத்தான்.

சாமியின் பார்வை குடத்துக்குள் போயிற்று. விபூதியைத் தாண்டி வேர்வை இறங்கியது.

"யோவ், போடாதேய்யா!" என்று அலறினார். சமஸ்கிருதம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "லைனிங்கு அப்பளம் மாதிரி ஆயிகீது. இரும்பு பூந்து காயில்ல ஓட்ட போட்டுச்சுன்னா தண்ணி உள்ள எறங்கும். ஷெட்டே மேல போயிடும்யா! கைய எடு!"

துண்டில் செருகிய மைக் அத்தனையையும் சித்தூர் ரோடு வரைக்கும் சொன்னது.

"அப்பளம் மாதிரி ஆனா, கரண்ட் எப்படி சாமி கொறைஞ்சுது?" என்று ரஞ்சிதம் அமைதியாகக் கேட்டாள்.

"செவுரு மெலிஞ்சா இரும்பு காயிலுக்குக் கிட்ட வரும். கிட்ட வந்தா கம்மியாத்தான் இழுக்கும், இதுகூடத் தெரி..." அங்கே நிறுத்தினார்.

 தேசப்பன் மேடையின் முதல் படியில் நின்றிருந்தார். அவருக்கு மானம் போனது நினைவில் இல்லை, பிளெக்ஸ் நினைவில் இல்லை.

"அப்போ உனக்கு தெரியும்" என்றார். முதல்முறையாகச் சாமியிடம் ஒருமையில் பேசினார். "தெரிஞ்சுதான் கதிரவன அங்க நிக்க வெச்சே."

 கூட்டம் உலைநாதரை இறக்கி, காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போயிற்று. அங்கே அவர் பெயர் பிரேம்குமார் என்று தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு காண்டிராக்டரிடம் உலைக்கு லைனிங் இடிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். உலையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. வேலை தெரிந்தவனாக வந்தபோது எந்தப் பட்டறை முதலாளியும் நாற்காலி போடவில்லையாம். காவி கட்டிய பிறகு சிம்மாசனம் போட்டார்களாம். போலீஸ்காரரிடம் அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை, அது சுட்டது.

மறுநாள் தேசப்பன் தாமே கடப்பாரை எடுத்து ஒன்றாம் நம்பர் சுவரை உடைத்தார். அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. அதற்குள் இரும்பு வேர்விட்டு இறங்கி உறைந்திருந்தது. அந்த வேருக்கும் செம்புச் சுருளுக்கும் நடுவே விரல் நகத்தின் கனம்கூட இல்லை. அவர் கதிரவனைக் கூப்பிட்டுக் காட்டினார். கதிரவன் குனிந்து பார்த்தான்.

"உன்ன இங்க நிக்க வெச்சுகினு, நான் அங்க போட்டோ புடிச்சுகினு இருந்தேன்டா" என்றார் தேசப்பன். 

"அலாரம் வயர மாட்டிட்டேன் மொதலாளி" என்றான் கதிரவன். "இனிமே யார் சொன்னாலும் கழட்ட மாட்டேன். நீங்க சொன்னாலும்."

"ஆங்" என்றார் தேசப்பன். வெளியே போய் பிளெக்ஸைக் கிழித்தார். தம் படம் இருந்த வட்டத்தை இரண்டாவது தரமும் கிழித்தார்.

கதை இத்தோடு முடிந்தால் நம் ஜனங்களுக்கு மரியாதை. முடியவில்லை. கிருத்திகையன்று காலை தேசப்பன் பட்டறையைத் திறந்தபோது, யந்திரம் இல்லாமலே அற்புதம் செய்த இரண்டாம் நம்பர் உலையின் மூடிக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். வாசலில் தேங்காய்ப் பழத் தட்டோடு நாலைந்து பேர் காத்திருந்தார்கள். மூடியம்மனைத் தரிசிக்க வேண்டுமாம். படித்தவரும் பெரியவருமான பக்தவச்சலம்கூட மைத்துனரைத் தனியே கூப்பிட்டு, அந்த மூடி எந்தத் திசை பார்த்துத் திறந்தால் விசேஷம் என்று காதோடு கேட்டார்.

ரஞ்சிதம் ஈரத்துணியை எடுத்து வந்து மூடியைத் துடைத்தாள். தட்டோடு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூடி உலைக்குத்தான் போடணும். மூளைக்கு இல்ல."